பூங்காவில் யார் ஆடலாம்? இரண்டு போர்களுக்கு நடுவில் லண்டன்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொதுப் பூங்காவில் விளையாட்டு என்றால் அதில் பேச என்ன இருக்கிறது, இடம் இருந்தால் பிள்ளைகள் தாமாக ஆடப் போகிறார்கள் என்று தோன்றலாம். முதல் உலகப் போர் முடிந்த 1918-க்கும் இரண்டாம் போர் தொடங்கிய 1939-க்கும் நடுவில் லண்டன் பூங்காக்களில் நடந்ததைப் படித்தால் அந்த எண்ணம் மாறிவிடும். எந்தப் புல்லில் யார் கால் வைக்கலாம், எந்தக் கிழமையில் வைக்கலாம், எவ்வளவு காசு கொடுக்க வேண்டும், உடையை எங்கே மாற்றுவது என்று ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த முடிவுகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். நிலம் கிடைத்த கதையை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கிடைத்த நிலத்தை நடத்திய கதைக்குத்தான் ஆள் குறைவு.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். லண்டன் பூங்காக்களுக்கு ஒரே முதலாளி கிடையாது. ஹைட் பார்க், ரீஜென்ட்ஸ் பார்க் போன்றவை அரச பூங்காக்கள். அவற்றை மத்திய அரசின் பொதுப்பணி அலுவலகம் பார்த்துக்கொண்டது. கிழக்கு லண்டனின் விக்டோரியா பார்க், ஹாக்னி மார்ஷஸ், தெற்கே பிராக்வெல் பார்க் போன்றவை 1889-இல் தொடங்கிய லண்டன் கவுண்டி கவுன்சிலின் கையில் இருந்தன. சின்னச் சின்னத் திடல்கள் அந்தந்த வட்டார நகராட்சிகளுடையவை. ஒரு பூங்காவில் கூடும் என்றது பக்கத்துப் பூங்காவில் கூடாது.

போர் முடிந்தபோது இந்தப் பூங்காக்கள் இருந்த நிலை பரிதாபமானது. உணவுத் தட்டுப்பாட்டுக்காகப் பல இடங்களில் புல்தரையைக் கொத்தி உருளைக்கிழங்கும் கோஸும் போட்டிருந்தார்கள். ஹாக்னி மார்ஷஸில் பீரங்கிக் குண்டு செய்யும் தொழிற்சாலையே எழுந்திருந்தது. படையிலிருந்து திரும்பிய இளைஞர்களுக்கோ ஆட வேண்டும். தொழிற்சாலைகளில் வேலை பார்த்துப் பழகிய பெண்களுக்கும் ஆட வேண்டும். வேலை நேரம் குறைந்து, சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஓய்வு என்பது பெரும்பாலான தொழிலாளிகளுக்குக் கிடைத்திருந்தது. ஆனால் பழைய பூங்காக்கள் ஆடுவதற்காகப் போடப்பட்டவை அல்ல. நல்ல உடை உடுத்திக் குடும்பத்தோடு வந்து, பூப்பாத்தியைச் சுற்றி நடந்து, வாத்திய மேடைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பவே அவை அமைக்கப்பட்டிருந்தன. பெரும்பாலான இடங்களில் புல்லில் கால் வைக்காதே என்ற பலகைதான் வரவேற்கும்.

ஆக, பூங்கா ஊழியர்களுக்குப் புது வேலை வந்து சேர்ந்தது. கால்பந்துக் குழு ஒன்று சனிக்கிழமை ஆட வேண்டுமானால் பருவம் தொடங்குமுன் விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்க வேண்டும். கேட்கும் குழுக்கள் அதிகம், ஆடுகளம் குறைவு. குளிர்காலம் முழுக்கக் கால்பந்து நடந்தால் கோல் கம்பத்துக்கு முன்னால் புல் போய்ச் சேறுதான் மிஞ்சும். மே மாதத்தில் அதே திடலில் கிரிக்கெட்காரர்கள் வந்து நிற்பார்கள். கிரிக்கெட் பிட்ச்சைக் குளிர்காலத்தில் கயிறு கட்டிக் காப்பதும், வசந்தத்தில் விதை தூவி உருளை ஓட்டுவதும், இந்த ஆட்டம் முடிந்து அந்த ஆட்டம் தொடங்கும் வாரத்தில் இரண்டு தரப்பையும் சமாதானப்படுத்துவதும் திடல் பராமரிப்பாளரின் தலையில் விழுந்தது. வெற்றி பெற்ற அணியின் பெயர் செய்தித்தாளில் வரும். இந்த ஆளின் பெயர் எங்கும் வராது. ஆனால் அவர் ஒரு வாரம் படுத்துக்கொண்டால் அத்தனை ஆட்டமும் நின்றுவிடும்.

டென்னிஸ் வந்த வேகம் இன்னொரு தலைவலி. 1919-இல் சுசான் லெங்லென் விம்பிள்டனில் வென்ற பிறகு, அதுவரை வசதியான வீட்டுத் தோட்டங்களிலும் தனியார் மன்றங்களிலும் இருந்த ஆட்டத்தைக் கடைப் பெண்களும் அலுவலக எழுத்தர்களும் ஆட ஆசைப்பட்டார்கள். மன்றத்தில் சேர அவர்களுக்கு வழியில்லை. மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துப் பூங்காவில் ஆடலாம் என்றானதும் கூட்டம் பிடித்துக்கொண்டது. மழை ஓய்ந்த உடனே ஆடக்கூடிய கெட்டித் தரை ஆடுகளங்களை நகராட்சிகள் போட ஆரம்பித்தன. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இருபாலரும் கலந்து ஆடும் ஆட்டமாக அது பூங்காவுக்குள் வந்தது. அக்கா தங்கைகள் தனியாக வந்து காசு கட்டி, ஒரு மணி நேரம் அந்த இடத்துக்குச் சொந்தக்காரர்களாக இருந்துவிட்டுப் போகலாம். யாரையும் கெஞ்ச வேண்டாம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். அன்றைய இங்கிலாந்தில் ஞாயிறு என்பது தேவாலயத்துக்கு உரிய நாள். பல ஊர்களில் சனிக்கிழமை இரவே ஊஞ்சல்களைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்கள், திங்கள்கிழமைதான் திறக்கும். பந்து உதைக்கக் கூடாது, மட்டை பிடிக்கக் கூடாது. வாத்தியம் கேட்கலாம், நடக்கலாம், அவ்வளவுதான். பணக்காரர்களுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. அவர்களுடைய கோல்ஃப் மைதானமும் வீட்டு டென்னிஸ் களமும் வேலிக்கு உள்ளே இருந்தன. அடி விழுந்தது வேறு ஆட்களுக்கு. கடைச் சிப்பந்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாலைதான் கடையில் வியாபாரம் உச்சம். அவர்களுக்குச் சட்டப்படி கிடைத்த அரைநாள் விடுமுறை வாரத்தின் நடுவே ஏதோ ஒரு பிற்பகலில் வரும். நண்பன் வேலை பார்க்கும் கடைக்கு வேறு நாள் என்றால் இருவரும் சேர்ந்து ஆடவே முடியாது. எல்லோருக்கும் பொதுவாகக் கையில் இருந்த ஒரே நாள் ஞாயிறு. அதையும் பூட்டி வைத்திருந்தார்கள்.

1922-இல் லண்டன் கவுண்டி கவுன்சில் தன் பூங்காக்களில் ஞாயிறு ஆட்டங்களை அனுமதிக்க முடிவு செய்தது. பெரும் பாவம் செய்துவிட்டதைப் போல எதிர்ப்பு எழுந்தது. ஞாயிறு புனிதத்தைக் காக்கும் சங்கங்கள் மனு மேல் மனு போட்டன. அவர்கள் சொன்னதில் ஒரு கவலை நியாயமானது: பூங்கா திறந்தால் அங்கே வேலை செய்பவனுக்கு ஞாயிறு ஓய்வு போய்விடுமே? அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் தெருவில் ஆடினால் போலீஸ்காரர் பிடிப்பார், பூங்காவில் ஆடினால் காவலாளி விரட்டுவார் என்றால் பதினாறு வயதுப் பையன் எங்கே போவான்? சாராயக் கடை மட்டும் ஞாயிறு அன்றும் சில மணி நேரம் திறந்திருந்தது. கவுன்சில் எடுத்தது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதற்கு அப்புறமும் கால்பந்து சங்கம் ஞாயிறு ஆட்டத்தைப் பல ஆண்டுகள் அங்கீகரிக்கவில்லை. பூங்காவின் கதவு திறந்த பிறகும் விளையாட்டின் கதவு மூடியே இருந்தது என்பது வருத்தமான விஷயம்.

ஊஞ்சல் என்றதும் லண்டனுக்கு வெளியே ஒருவரைச் சொல்லியாக வேண்டும். கெட்டரிங் என்ற ஊரில் இயந்திரத் தொழில் நடத்திய சார்லஸ் விக்ஸ்டீட். 1917-இல் குழந்தைகள் விழா ஒன்றுக்காகத் தற்காலிகமாக ஊஞ்சல் கட்டினார். விழா முடிந்த பிறகும் பிள்ளைகள் அதை விடவில்லை. அவரும் கழற்றவில்லை. 1921-இல் அவருடைய பூங்கா முறைப்படி திறந்தது. அடுத்து சறுக்கு, அப்புறம் சுழலும் ராட்டினம் என்று அவருடைய பட்டறையே விளையாட்டுச் சாதனங்கள் செய்யும் இடமாக மாறி, நாடு முழுவதும் பூங்காக்களுக்கு அனுப்பியது. குழந்தை விளையாட்டுக்கென்று பூங்காவில் தனி மூலை ஒதுக்குவது வழக்கமானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, இந்தக் காலத்தின் நாயகன் என்று ஒருவரைக் கை காட்டச் சொன்னால் நான் ஜார்ஜ் லான்ஸ்பரியைத்தான் சொல்வேன். கிழக்கு லண்டனில் போ என்ற ஏழைப் பகுதியில் வாழ்ந்தவர். 1921-இல், ஏழைப் பகுதிகள்மேல் வரிச்சுமை அநியாயமாக ஏறுகிறது என்று பாப்லர் நகராட்சி உறுப்பினர்கள் போராடிச் சிறை சென்றார்களே, அவர்களுக்கு முன்னால் நின்றவர். 1929-இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்தது பொதுப்பணி ஆணையர் பதவி. அமைச்சரவையில் பெரிய மதிப்பில்லாத இலாகா. அரண்மனை ஓடு மாற்றுவது, பழைய கோட்டைகளைப் பராமரிப்பது, அரச பூங்காக்களைப் பார்த்துக்கொள்வது. வேறு ஒருவராக இருந்தால் சலித்துக்கொண்டிருப்பார். லான்ஸ்பரி பூங்காக்களைப் பிடித்துக்கொண்டார்.

அரச பூங்காக்களில் குழந்தைகளுக்கு மணல் குழியும், காலளவு தண்ணீர்க் குட்டைகளும், விளையாட்டு மூலைகளும் வந்தன. பெரியவர்களுக்கு ஆட்டக் களங்கள் கூடின. எல்லாவற்றுக்கும் மேலாக, ஹைட் பார்க்கின் செர்பென்டைன் ஏரி. பதினெட்டாம் நூற்றாண்டில் வெட்டிய செயற்கை ஏரி அது. ஆண்கள் அதில் நெடுங்காலமாக நீந்தி வந்தார்கள். 1864-லேயே அங்கே நீச்சல் மன்றம் உண்டு. ஆனால் நேரக் கட்டுப்பாடு இருந்தது, பெண்களுக்கு இடமில்லை. உடை மாற்ற ஒழுங்கான வசதியும் கிடையாது. 1930 ஜூனில் லான்ஸ்பரி அங்கே நீச்சல் துறையைத் திறந்தார். ஆண், பெண், குழந்தை எல்லோரும் சேர்ந்து குளிக்கலாம், வெயில் காயலாம், உடை மாற்றக் கட்டடம் உண்டு.

ஆணும் பெண்ணும் ஒரே தண்ணீரிலா என்று பெரிய கூச்சல். நகராட்சிக் குளங்கள் பலவற்றில் அப்போது ஆண்களுக்கு ஒரு நேரம், பெண்களுக்கு ஒரு நேரம். பணக்கார மேஃபேர், நைட்ஸ்பிரிட்ஜ் பகுதிகளுக்கு நடுவில், அரசர் பெயரில் உள்ள பூங்காவில் கிழக்கு லண்டன் சனங்கள் வந்து குளிப்பது சிலருக்கு ஒழுக்கக் கேட்டைவிடப் பெரிய குற்றமாகத் தெரிந்தது என்று நினைக்கிறேன். மக்கள் வந்தார்கள். லான்ஸ்பரியின் லிடோ, அதாவது லான்ஸ்பரியின் திறந்தவெளி நீச்சலிடம், என்று அவர்களே பெயர் வைத்தார்கள். 1931 ஆகஸ்டில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. அந்த அரசு தீர்க்க முயன்ற வேலையின்மை தீரவில்லை. ஏரிக்கரை மட்டும் நிலைத்துவிட்டது.

அதே 1930-இல், அதே ஹைட் பார்க்கில், மேரி பாகட் ஸ்டாக் தொடங்கிய பெண்கள் உடற்பயிற்சிக் கழகம் பொதுமக்கள் முன்னால் முதல் முறையாகப் பயிற்சி செய்து காட்டியது. வேலைக்குப் போகும் சாதாரணப் பெண்கள், கையில்லாத சட்டையும் அரைக்கால் உடையும் போட்டுத் திறந்த வெளியில் வரிசையாக நின்று கைகால் அசைத்தார்கள். பத்து வருடத்துக்கு முன் நினைத்தே பார்த்திருக்க முடியாது.

நம் ஊரிலும் அதே 1930, பூங்காவுக்கு முக்கியமான ஆண்டு என்பதை இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஏப்ரலில் சென்னை மாநகராட்சி ரிப்பன் கட்டடத்திலிருந்து வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. வீட்டில் பெட்டி வைத்துக் கேட்க வசதியில்லாதவர்களுக்காக மெரினாவிலும் பீப்பிள்ஸ் பார்க்கிலும் ராபின்சன் பூங்காவிலும் ஒலிபெருக்கிகளை வைத்தார்கள். மாலையில் காற்று வாங்க வந்தவர்கள் காசில்லாமல் சங்கீதம் கேட்டார்கள். லண்டனில் ஏரி, இங்கே பாட்டு.

லண்டனுக்குத் திரும்புவோம். 1934-இல் ஹெர்பர்ட் மாரிசன் தலைமையில் தொழிற்கட்சி கவுண்டி கவுன்சிலைக் கைப்பற்றியது. லிடோ எனப்படும் திறந்தவெளி நீச்சல் குளங்களை அவர் ஒரு திட்டமாகவே எடுத்துக்கொண்டார். 1936-இல் விக்டோரியா பார்க், 1937-இல் பிராக்வெல், 1938-இல் பார்லிமென்ட் ஹில். கடைசியாகச் சொன்னது 61 மீட்டர் நீளம், 27 மீட்டர் அகலம். செலவு 34,000 பவுன். இவற்றை வரைந்தவர்கள் வெளியிலிருந்து வந்த பிரபலக் கட்டடக் கலைஞர்கள் அல்ல; கவுன்சிலின் பூங்காத் துறையிலேயே வேலை பார்த்த ரோபாதமும் ஸ்மித்சனும். அதனால்தானோ என்னவோ, தினமும் நடத்துபவன் கண்ணால் பார்த்து வரைந்ததுபோல் இருக்கும் அந்தக் குளங்கள். ஒரே வாசல், அங்கேயே சீட்டு. இடது பக்கம் ஒரு பாலர், வலது பக்கம் மறுபாலர் உடை மாற்றி, நடுவில் தண்ணீரில் சந்திப்பார்கள். விக்டோரியா பார்க்கில் அதற்கு முன் என்ன இருந்தது தெரியுமா? வீட்டில் குளியலறை இல்லாத கிழக்கு லண்டன் ஆண்களும் பையன்களும் விடியற்காலையில் ஏரியில் இறங்கிக் குளித்துவிட்டு வேலைக்குப் போவார்கள். வடிகட்டிய சுத்தமான தண்ணீர், நீரைக் காற்றில் விசிறும் படிக்கட்டு நீரூற்று, அம்மாவும் பிள்ளையும் கூடவே வரலாம் என்ற அனுமதி. அந்தப் பகுதிக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம்!

இதற்கிடையில் 1925-இல் தேசிய விளையாட்டுத் திடல் சங்கம் தோன்றி, ஆயிரம் பேருக்கு 5 ஏக்கர் திறந்தவெளி வேண்டும் என்று அளவுகோல் வைத்தது. 1936-இல் இறந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நினைவாகத் திடல்கள் அமைக்க அறக்கட்டளை ஏற்பட்டது. 1937-இல் உடற்பயிற்சிக்கும் பொழுதுபோக்குக்கும் தனிச் சட்டமே வந்தது. நல்லவைதான். ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஜெர்மனி தன் இளைஞர்களைத் தயார் செய்கிறதே என்ற பயமும் இருந்தது. உடல் உறுதி நாட்டுக்காக என்ற பேச்சு கூடியது. லான்ஸ்பரிக்கு அந்தக் கணக்கு கிடையாது. போரை முழுமூச்சாக எதிர்த்த அவர், வெயில் காய்வது நல்லது என்பதற்காகவே மக்களை வெயிலுக்குக் கூப்பிட்டார். என் மனம் அவர் பக்கம்தான்.

1938 செப்டம்பரில், ஜெர்மனியோடு போர் மூண்டுவிடுமோ என்று நாடே அஞ்சிய மியூனிக் நெருக்கடியின்போது, ஹைட் பார்க்கில் பதுங்குகுழி வெட்டினார்கள். அடுத்த ஆண்டு போரே வந்தது.

அந்தக் குளங்களில் சில இன்றும் உண்டு. செர்பென்டைனில் நீந்துகிறார்கள். பார்லிமென்ட் ஹில் குளத்தில் சூடேற்றாத தண்ணீரில் குளிர்காலத்திலும் இறங்குகிறார்கள். விக்டோரியா பார்க் லிடோவை 1986-இல் மூடி, பிறகு இடித்துவிட்டார்கள். பிராக்வெல் லிடோவும் 1990-இல் பணமில்லை என்று மூடப்பட்டது. உள்ளூர்க்காரர்கள் விடவில்லை. 1994-இல் உள்ளூர் நகராட்சியின் முன்னாள் ஊழியர்கள் இருவர், நாங்கள் நடத்திக் காட்டுகிறோம் என்று பொறுப்பேற்று அதைத் திறந்தார்கள். இப்போதும் கோடையில் அங்கே வாசலில் நீண்ட வரிசை நிற்கிறது.

நன்றி, வணக்கம்.