முதுகு காட்டும் டிரான்சிஸ்டர்

வணக்கம் நேயர்களே. எலெக்ட்ரானிக்ஸைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களிடம் துளைபோட்ட பலகை ஒன்று கட்டாயம் இருக்கும். மேலே பார்த்தால் ஒழுங்கு; திருப்பிப் பார்த்தால் சிக்குப் பிடித்த தலைமுடி. நானும் பல வருஷம் அப்படித்தான் கம்பி இழுத்துக்கொண்டிருந்தேன். கீகேட் பழகிய பிறகுதான் சர்க்யூட் போர்டை நானே வடிவமைக்கத் துணிந்தேன்.

கீகேட், சர்க்யூட் போர்டு வடிவமைப்பதற்கான ஒரு கட்டற்ற மென்பொருள். 1992-இல் பிரான்சில் ழான்-பியர் ஷாரா தொடங்கியது. பின்னாளில் துகள் இயற்பியல் ஆய்வு நடக்கும் செர்ன் மையமும் அதில் கைகொடுத்தது. கம்பிக்குப் பதிலாகப் பலகையில் செப்புத் தடம் இழுக்கும்போது பக்கத்துத் தடங்கள் தாமாக ஒதுங்கி வழிவிடுமே, அது அவர்கள் கைவண்ணம். காசு கேட்பதில்லை என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, பலகை இந்த அளவுக்கு மேல் போகக்கூடாது, இத்தனை அடுக்குதான் என்று இலவசப் பதிப்புக்குப் போடும் பூட்டு இதில் இல்லாததுதான். கோப்புகளும் வெறும் எழுத்துக் கோப்புகள். சாதாரண எடிட்டரிலேயே திறந்து படிக்கலாம்.

முதலில் சர்க்யூட் வரைபடம். அதில் ரெசிஸ்டர் என்பது வெறும் குறியீடு. அதற்கு உடம்பு கிடையாது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு ஃபுட்பிரிண்ட் ஒதுக்க வேண்டும். அந்தப் பாகம் பலகையில் உட்காரும் துளைகளும் செப்புத் திட்டுகளும்தான் அது. அப்புறம் பலகைப் பக்கம் போனால், பாகமெல்லாம் ஒரே குவியலாக வந்து விழும். எதை எதோடு இணைக்க வேண்டும் என்று மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பாகங்களை நகர்த்தி, திருப்பி, அந்தச் சிக்கை எடுப்பதுதான் நிஜமான வேலை. பல கால் கொண்ட ஒரு ஐசியை, அதாவது சில்லை, 90 டிகிரி திருப்பியதும் பல கோடுகள் ஒரே நேரத்தில் அவிழும் பாருங்கள், அதற்காகவே ராத்திரி முழுக்க உட்காரலாம். இதில் அவசரப்பட்டால் தடமெல்லாம் ஊர் சுற்றித்தான் போய்ச் சேரும்.

கடைசியில் விதிச் சோதனை. தடங்கள் உரசுகின்றனவா, இணைப்பு ஏதும் விட்டுப்போயிருக்கிறதா என்று மென்பொருளே சொல்லிவிடும். பிழை பூஜ்ஜியம் என்று வந்ததும் ஒரு மிதப்பு வரும். அங்கேதான் நான் விழுந்தேன்.

என் முதல் பலகை, தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் கத்தும் சின்ன சர்க்யூட். 5 வோல்ட், ஒரு பஸ்ஸர், ஒரு பி.சி. 547 டிரான்சிஸ்டர். வரைபடத்தில் என்.பி.என். வகை டிரான்சிஸ்டருக்கான பொதுக் குறியீடு ஒன்றை எடுத்துப் போட்டேன். அதன் மூன்று கால்களின் வரிசை எமிட்டர், பேஸ், கலெக்டர். பி.சி. 547-இன் தட்டை முகம் நம்மைப் பார்க்கப் பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். நேர் தலைகீழ்! மென்பொருளுக்கு இது எப்படித் தெரியும்? வரைபடமும் பலகையும் ஒத்துப்போகின்றனவா என்றுதான் அது பார்க்கும். என் டப்பாவில் எந்த டிரான்சிஸ்டர் கிடக்கிறது என்று அதற்கு என்ன தெரியும்?

பலகை வந்தது, சால்டர் வைத்தேன், கம்பி முனைகளைத் தண்ணீரில் விட்டேன். பஸ்ஸர் கத்தவில்லை, முனகியது. கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறினாலும் டிரான்சிஸ்டர் மின்னோட்டத்தைக் கொஞ்சம் பெருக்கத்தான் செய்யும். முழுக்கச் செத்திருந்தால் சீக்கிரமே சந்தேகம் வந்திருக்கும். இரண்டு மாலை என் சால்டரையே திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் பலகையை அச்சடித்துத் தருவதற்கான கெர்பர் கோப்புகளைத் தயாரிப்பாளருக்கு அனுப்பும் முன், பாகத்தின் விவரம் சொல்லும் டேட்டாஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு காலாகச் சரிபார்க்கிறேன். பலகையை அசல் அளவில் காகிதத்தில் அச்சிட்டு, பாகங்களைக் குத்தியும் பார்க்கிறேன். பழைய வகை ஐசிக்குக் கால் இடைவெளி 2.54 மில்லிமீட்டர். பிரிண்டர் பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கியிருந்தால், கடைசிக் கால் வருவதற்குள் துளை நழுவிவிடும்.

அந்தப் பழைய பலகையைத் தூக்கிப்போடவில்லை. நல்லவேளை, பேஸ் நடுவில் இருந்தது. டிரான்சிஸ்டரைக் கழற்றி, எதிர்ப்பக்கம் திருப்பி மாட்டினேன். பலகையில் அச்சிட்ட உருவத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இன்றைக்கும் தொட்டி நிறைந்தால் நன்றாகவே கத்துகிறது.