முறிவதற்கு முன்பே கணிப்பது: விண்வெளி வீரர்களின் எலும்பு வலிமை

[காட்சி: குன்னூருக்கு அருகே ஒரு தேயிலைச் சரிவு. கொழுந்து மூட்டையைத் தலையில் சுமந்தபடி ஒரு பெண் இறங்குகிறார். கேமரா அவருடைய பாதத்தை நெருங்குகிறது.]

நீலகிரியின் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கொழுந்து மூட்டையோடு எடை போடும் இடத்துக்கு இறங்கும் இந்தப் பெண்ணின் பாதத்தைக் கவனியுங்கள். ஈர மண்ணில் முதலில் குதிகால் பதிகிறது. பிறகு பாதம் முழுவதும் படிகிறது. முழங்கால் சற்றே மடங்கி அதிர்வை வாங்கிக்கொள்கிறது. சமதரையில் வெறுங்கையோடு நடக்கும்போதே, தசைகளின் இழுப்பும் சேர்ந்துகொள்வதால், இடுப்பு மூட்டின் மீது உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசை விழுகிறது. சுமையோடு சரிவில் இறங்கும்போது அது இன்னும் கூடுகிறது.

எலும்பு இந்த விசையைத் தாங்குவதோடு நிற்பதில்லை, அதை உணரவும் செய்கிறது. எலும்புக்குள் புதைந்திருக்கும் ஆஸ்டியோசைட் என்னும் செல்கள், விசையால் உண்டாகும் மிக நுண்ணிய நெளிவை அறிந்து, எங்கே எலும்பைக் கட்ட வேண்டும், எங்கே கரைக்கலாம் என்று மற்ற செல்களுக்குச் சமிக்ஞை அனுப்புகின்றன. பயன்பாட்டுக்கு ஏற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-ஆம் ஆண்டிலேயே எழுதினார்.

[காட்சி: பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் உட்புறம். வீரர் ஒருவர் மிதந்து செல்கிறார்.]

ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையத்தில் இந்தச் சமிக்ஞை நின்றுபோகிறது. அங்கே ஈர்ப்பு இல்லாமல் இல்லை. நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் ஒன்றாக ஓயாமல் விழுந்துகொண்டே இருப்பதால், காலுக்குக் கீழே தரை அழுத்துவதில்லை, அவ்வளவுதான். எலும்பைக் கரைக்கும் செல்களின் வேலை கூடுகிறது. கட்டும் செல்கள் அதற்கு ஈடுகொடுப்பதில்லை. போதிய உடற்பயிற்சி இல்லாத நிலையில், இடுப்பிலும் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலும் மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை எலும்பு அடர்த்தி குறைவதை ரஷ்யாவின் பழைய மிர் விண்வெளி நிலையத்திலும், பின்னர் பன்னாட்டு நிலையத்திலும் அளந்திருக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்கள் பலருக்கு ஓராண்டில் நேரும் இழப்பு இது. முன்கை எலும்பில் இழப்பு ஏறக்குறைய இல்லை. உடலைத் தாங்கும் எலும்புகளே தேய்கின்றன.

இந்த எலும்புத் தேய்வு நமக்குத் தொலைவான செய்தியல்ல. மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியத் திட்டமான ககன்யான் பயணத்துக்கென 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட நால்வரில், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள முப்படை அதிகாரிகள் கல்லூரியில் பயின்றவர். பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர் அங்கே பயிற்றுநராக இருந்தவர். ககன்யான் சில நாள் பயணம்தான். அதில் எலும்பு பெரிதாகத் தேய வாய்ப்பில்லை. ஆனால் 2035-க்குள் சொந்த விண்வெளி நிலையம், 2040-க்குள் நிலவில் இந்தியர் என்று இலக்கு வைத்திருக்கும் நாடு, மாதக்கணக்கில் மேலே தங்கித் திரும்புகிறவரின் இடுப்பு எலும்பு எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் முறையையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

[காட்சி: ஒரு டெக்ஸா ஸ்கேன் அறிக்கை, திரை முழுவதும்.]

எலும்பைப் பற்றிக் கேட்டவுடன் மருத்துவர்கள் எழுதித் தருவது, எக்ஸ்-கதிரால் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். இந்த அறிக்கையைப் பாருங்கள். இடது பக்கம் இடுப்பின் மங்கலான நிழற்படம். வலது பக்கம் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று பட்டைகள். வயதுக்கு நேரே ஒரு சிறிய புள்ளி. கீழே டி-ஸ்கோர் என்ற எண். ஆரோக்கியமான இளம்பெண்களின் சராசரி அடர்த்தியிலிருந்து நம் அளவு எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை அது காட்டுகிறது. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வரையறுத்தது.

இந்த எல்லை, மாதவிடாய் நின்ற பெண்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. ஐம்பது வயதுக்குக் கீழுள்ள ஆண்களுக்கும், மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் இதைக் கொண்டு நோயைத் தீர்மானிக்கக் கூடாது என்பதே மருத்துவ வழிகாட்டுதல். அவர்களை ஒத்த வயதினரோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோரைத்தான் பார்க்க வேண்டும். விண்வெளி வீரர்களில் பெரும்பாலோர் இந்த வயதினர்தாம். அதோடு, அவர்களுடைய எலும்பு தேயும் வேகமும் தேயும் இடங்களும் முதுமையில் நிகழ்வதைப் போன்றவை அல்ல.

இரண்டாவது குறை அளவீட்டிலேயே இருக்கிறது. டெக்ஸா கருவி முப்பரிமாண எலும்பைத் தட்டையான நிழலாக மாற்றி, ஒரு சதுர சென்டிமீட்டர் நிழலில் எத்தனை கிராம் தாது இருக்கிறது என்று சொல்கிறது. கோத்தகிரிச் சாலையில் மண் சரியாமல் கட்டிய கல் தடுப்புச் சுவரை எண்ணிப் பாருங்கள். அதில் எத்தனை டன் கல் இருக்கிறது என்று கேட்டு, அடுத்த மழைக்கு அது நிற்குமா என்று சொல்லிவிட முடியாது. கல்லை எப்படி அடுக்கியிருக்கிறார்கள், எங்கே இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாக வேண்டும். எலும்பிலும் வெளியே கெட்டியான ஓடு இருக்கிறது. உள்ளே நுண்ணிய தண்டுகளும் தகடுகளும் கோத்த பஞ்செலும்பு இருக்கிறது. விண்வெளியில் இடுப்பின் பஞ்செலும்பு, வெளி ஓட்டைவிடப் பல மடங்கு வேகமாகக் கரைகிறது. டெக்ஸாவுக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

[காட்சி: தொடை எலும்பின் மேல்முனை, சிறு கனசதுரங்களாகப் பிரிக்கப்பட்ட கணினி மாதிரி.]

இதற்கு மாற்றாக வந்தது, அடர்த்தியை அளவோடு சொல்லும் சி.டி. ஸ்கேன். இடுப்பைத் துண்டு துண்டாகப் படம்பிடித்து, வெளி ஓடு, பஞ்செலும்பு இரண்டையும் தனித்தனியே அளக்கலாம். அந்தப் படத்தைக் கணினியில் ஏற்றி, எலும்பை ஆயிரக்கணக்கான சிறு கனசதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதன் அடர்த்திக்கு ஏற்ற விறைப்பைக் கொடுத்து, பிறகு கணினிக்குள்ளேயே அந்த எலும்பின் மீது சுமையை ஏற்றிக்கொண்டே போனால், எந்த விசையில் அது உடையும் என்று மதிப்பிடலாம். பாலங்களையும் விமான இறக்கைகளையும் சோதிக்கப் பொறியாளர்கள் பயன்படுத்தும் அதே கணக்கு இது. நிற்கும் நிலை ஒன்று, பக்கவாட்டில் இடுப்பு மோத விழும் நிலை இன்னொன்று என்று இரு விதமாகச் சோதிப்பது வழக்கம்.

நான்கு முதல் ஆறரை மாதம் வரை விண்வெளி நிலையத்தில் இருந்த 13 வீரர்களை இம்முறையில் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவு கவலைக்குரியது. நிற்கும் நிலையில் தொடை எலும்பின் வலிமை மாதத்துக்குச் சராசரியாக 2.6 விழுக்காடும், விழும் நிலையில் 2 விழுக்காடும் குறைந்திருந்தன. அடர்த்தி காட்டிய இழப்பைவிட வலிமையின் இழப்பு பெரிது. சராசரி மறைத்துவிடும் இன்னொன்றும் உண்டு: சிலருக்கு மொத்த இழப்பு 20 முதல் 30 விழுக்காடு வரை இருந்தது. ஒரே நிலையத்தில் ஒரே மாதிரி வேலை செய்தவர்களுக்குள் இத்தனை வேறுபாடு இருக்கும்போது, குழுவின் சராசரியைக் கொண்டு ஒருவரின் அபாயத்தைச் சொல்வது சரியாகாது என்றே நான் கருதுகிறேன்.

திரும்பி வந்த பிறகு என்ன ஆகிறது? 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, 17 வீரர்களின் கீழ்க்கால் எலும்பை மிக நுண்ணிய பிரிதிறன் கொண்ட சி.டி. கருவியில் பார்த்தது. பூமிக்கு வந்து ஓராண்டு கழிந்த பின்னும் அவர்களில் 9 பேருக்கு எலும்பு முழுமையாக மீளவில்லை. இதற்குக் காரணம் உண்டு. மெலிந்த தண்டு மீண்டும் தடிக்கலாம். ஆனால் அறுந்துபோன தண்டின் இரு முனைகளும் எளிதில் திரும்பச் சேர்வதில்லை. இருக்கும் தண்டுகள் தடித்தால் அடர்த்தி எண் ஏறிவிடும், பழைய பின்னல் வராமலே.

[காட்சி: ஒரு பின்னக் கோடு. மேலே “விழும் விசை”, கீழே “எலும்பின் வலிமை”.]

வலிமை தெரிந்துவிட்டால் அபாயம் தெரிந்துவிட்டதா? இல்லை. எலும்பின் மீது விழும் விசையை, அது தாங்கக்கூடிய விசையால் வகுக்க வேண்டும். விடை ஒன்றை நெருங்கினால் முறிவு நெருங்குகிறது. பூமியில் இந்தக் கணக்குக்குப் போகாமலே அபாயத்தைச் சொல்ல முடிகிறது. ஃப்ராக்ஸ் என்னும் கணிப்பான், 40 முதல் 90 வயது வரையுள்ளோருக்கு அடுத்த பத்தாண்டில் முறிவு நேரும் வாய்ப்பைத் தருகிறது. எலும்பு முறிந்த ஏராளமானோரின் தரவுகள் அதற்கு அடிப்படை. விண்வெளிக்குச் சென்றவர்களோ மொத்தமே சில நூறு பேர். பயணத்தின்போது எலும்பு முறிந்ததாகப் பதிவும் இல்லை. அது நல்ல செய்தி. ஆனால் புள்ளிவிவரத்துக்கு அங்கே இடமில்லாததால், இயந்திரவியலை நம்பித்தான் ஒவ்வொரு வீரருக்கும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

அந்தக் கணக்கில் மேலே உள்ள எண்ணும் இடத்துக்கு இடம் மாறுகிறது. நிலவில் ஈர்ப்பு பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கு. அப்பல்லோ வீரர்கள் அங்கே பலமுறை தடுமாறி விழுந்தும் எலும்பு உடையவில்லை. அவர்கள் சென்றவை நாள்கணக்கில் முடிந்த பயணங்கள், எலும்பு தேய நேரமில்லை. செவ்வாயில் ஈர்ப்பு பூமியில் உள்ளதில் 38 விழுக்காடு. ஆனால் மாதக்கணக்கில் மிதந்து சென்ற பிறகு, கனமான விண்வெளி உடையோடு, சமநிலை உணர்வு சரியாகத் திரும்பாத நிலையில் அங்கே இறங்க வேண்டும். தசை மெலிந்திருந்தால் தடுமாறும் வாய்ப்பும் கூடும்.

இழப்பைத் தடுக்க வழிகள் இல்லாமல் இல்லை. 2008-இல் நிலையத்துக்குச் சென்ற ஏரெட் என்னும் பயிற்சிக் கருவி, வெற்றிட உருளைகளின் உதவியால் 272 கிலோ வரை எடை தூக்கும் பயிற்சியைத் தருகிறது. போதிய உணவோடும் வைட்டமின் டி-யோடும் அதைப் பயன்படுத்தியவர்களின் இழப்பு வெகுவாகக் குறைந்தது. எலும்புப்புரைக்குத் தரப்படும் அலென்ட்ரோனேட் மாத்திரையும் வாரம் 70 மில்லிகிராம் சேர்ந்தபோது எலும்பு கரைவதும் கட்டுப்பட்டது.

ஊட்டியிலோ குன்னூரிலோ மழைக்காலப் படிக்கட்டில் வழுக்கி விழும் மூதாட்டிக்கும் இதே பின்னம்தான் பொருந்துகிறது. எலும்பு முறிந்து வருகிறவர்களில் பலருக்கு டி-ஸ்கோர் சிவப்புப் பட்டைக்குப் போயிருக்கவே இல்லை என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்று. ஆகவே விண்வெளிக்காகச் செம்மைப்படும் இந்த சி.டி. கணக்குகள் மலைப்பகுதி மருத்துவமனைகளுக்கும் வந்து சேர வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன்.

[காட்சி: தரையிறங்கிய விண்கலத்திலிருந்து வீரரைத் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுவருகிறார்கள்.]

செவ்வாய்ப் பயணம் போய்வர ஏறத்தாழ மூன்றாண்டு ஆகும். அந்தப் பயணத்தில் ஒரே மாதிரி விழுந்தால் மிகப் பெரிய விசை எழும் இடம் செவ்வாய் அல்ல, முழு ஈர்ப்புள்ள பூமி. தேய்ந்த எலும்போடு வீரர் வந்து நிற்கப்போவதும் இங்கேதான். அதனால் தரையிறங்கிய நாளில் எடுக்கும் ஸ்கேனோடு நிறுத்தாமல், கணினியில் கணித்த வலிமை பயணத்துக்கு முந்தைய அளவுக்குத் திரும்பும்வரை, ஓராண்டைத் தாண்டியும், இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப அவர்களைச் சோதிக்க வேண்டியிருக்கும்.