தரையில் விரிசல் விட்டால் அது கலையா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். சென்ற முறை லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தைப் பற்றிப் பேசினேன் அல்லவா, அதற்கு ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "தரையில் விரிசல் விட்டதைக் கலை என்கிறீர்கள். எங்கள் வீட்டில் நாலைந்து இருக்கின்றன, டிக்கெட் போடலாமா?" படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தேன். ஆனால் விரிசல் இருந்த அந்த அருங்காட்சியகக் கூடத்துக்குள் போக டிக்கெட்டே கிடையாது, இலவசம்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அது தானாக விட்ட விரிசல் இல்லை. கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சால்செடோ 2007-இல் திட்டமிட்டுச் செய்தது. மயிரிழையாகத் தொடங்கி, போகப் போக அகன்று, 167 மீட்டர் ஓடியது. குனிந்து பார்த்தால் உள்ளே கான்கிரீட்டில் கம்பி வலை பதிந்திருக்கும்; வேலிக்குப் போடுவார்களே, அந்த மாதிரி. ஐரோப்பாவுக்கு வந்தும் ஒதுக்கியே வைக்கப்படுகிறவர்களைப் பற்றி, இனவெறியைப் பற்றி இந்த விரிசல் வழியாக அவர் பேசினார். கண்காட்சி முடிந்ததும் விரிசலை அடைத்தார்கள். தழும்பு மட்டும் தரையில் தங்கிவிட்டது.

உங்கள் வீட்டு விரிசலுக்கு மேஸ்திரி போதும். ஆனால் ஐரோப்பா தன் பெருமையைக் காட்டும் கட்டடத்திலேயே ஒருவர் விரிசல் விட வைத்தால், ஏன் இங்கே என்று கேட்கத் தோன்றும். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: என்ன பொருள் என்று மட்டும் பார்க்காதீர்கள், எங்கே, எதன் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பழைய நேயர்களுக்கு இது அலுத்திருக்கும். பரவாயில்லை.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பிரெட் வில்சன். அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர். 1992-இல் பால்டிமோர் நகரில், மேரிலாந்து மாநில வரலாற்றுச் சங்கத்தின் சேமிப்பறையைத் திறந்துவிட்டு, இருப்பதை வைத்து ஒரு கண்காட்சி செய்யுங்கள் என்றார்கள். பளபளக்கும் வெள்ளிக் குவளைகள், கூஜாக்கள்; அதே கண்ணாடிப் பெட்டியில், அவற்றுக்கு நடுவே, அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்கு. குறிப்புச் சீட்டில் ஒரு திட்டு, ஒரு குற்றச்சாட்டு கிடையாது. "உலோக வேலைப்பாடு, 1793–1880" என்று மட்டும். இரண்டும் அதே சங்கத்தின் சொத்துதான். வெள்ளியைக் கூடத்தில் வைத்தார்கள், விலங்கை உள்ளே போட்டு வைத்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம், மூன்று பீடங்களில் நெப்போலியன், அமெரிக்க அரசியல்வாதி ஹென்றி கிளே, அமெரிக்க அதிபராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சன் ஆகியோரின் மார்பளவுச் சிலைகள். மூவரில் ஒருவரும் மேரிலாந்துக்காரர் இல்லை. பக்கத்திலேயே மூன்று காலிப் பீடங்கள், பெயர் மட்டும்: அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஹேரியட் டப்மன், பிரெடரிக் டக்ளஸ், வானியல் அறிஞர் பெஞ்சமின் பேனக்கர். மூவரும் அந்த மண்ணில் பிறந்த கறுப்பினத்தவர். சங்கத்திடம் அவர்களுக்குச் சிலையே இல்லை, அதனால் பீடம் காலி. வில்சன் புதிதாக ஒன்றையும் செதுக்கவில்லை பாருங்கள்.

எது கலை என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் உண்டு, அதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. அருங்காட்சியகத்தில் யார் சுவரில் தொங்குகிறார்கள், யார் வாசலில் நிற்கிறார்கள் என்று யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருக்கிறேன். இதே வில்சன் 1991-இல் நான்கு கறுப்பு பொம்மைகளுக்கு அருங்காட்சியகக் காவலர் சீருடை போட்டு வரிசையாக நிறுத்தினார். ஒன்றுக்கும் தலை கிடையாது. ஏன் என்று கேட்டு எழுதுங்கள், அடுத்த முறை அதை மட்டுமே பேசுவோம்.