யார் பக்கம் என்று கேட்கிறவர்களுக்கு

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, இந்த மழையிலும் ஹட்டன் மண்டபத்தை நிறைத்திருக்கும் தாய்மாரே, பெரியோரே, வணக்கம்.

எல்லைக்காக முட்டிக்கொள்ளும் பெரிய நாடுகளுக்கு நடுவே ஒரு சிறிய நாடு பிழைப்பது ஒருவரைச் சார்ந்தா, எல்லோரோடும் உறவு வைத்தா? இதுதான் இன்றைய வழக்கு. எல்லோரோடும் உறவு வைத்தே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய தோழர், இரண்டு தோணியில் கால் வைத்தவன் ஆற்றில்தான் விழுவான் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அவரைக் கேட்கிறேன்: 1952இல் நம் இலங்கை எந்தத் தோணியில் நின்றது?

கொரிய யுத்தக் காலம். அரிசி யானை விலை, ரப்பர் விலையோ சரிந்துகொண்டிருந்தது. ஆட்சியில் ஐக்கிய தேசியக் கட்சி. கம்யூனிசம் என்றாலே அதற்கு ஆகாது. சீனாவோடு தூதரக உறவுகூட அப்போது இல்லை. ஆனாலும் டட்லி சேனநாயக்க அரசு சீனத் தலைநகர் பீக்கிங்கோடு ஒப்பந்தம் போட்டது. வருடத்துக்கு 50,000 தொன் ரப்பர் தருகிறோம், 270,000 தொன் அரிசி தாருங்கள் என்று, ஐந்து வருடத்துக்கு! அமெரிக்கா கோபித்துக்கொண்டு உதவியை மறுத்தது. அதற்காக இலங்கை பொதுநலவாயத்தை விட்டுப் போனதா? திருகோணமலையில் பிரிட்டிஷ் கடற்படை இருக்கத்தான் இருந்தது. சப்ரகமுவத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து நம் சனம் வெட்டிய ரப்பர் பாலுக்கு, சீனத்து அரிசி கப்பலேறி வந்தது.

அடுத்து எதிரணி சொன்னது: பலமான ஒரு நண்பன் இருந்தால் அவன் நம்மைப் பார்த்துக்கொள்வான். ஐயா, மலையகத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

1962இல் இந்தியாவும் சீனாவும் இமய எல்லையில் மோதின. அந்த டிசம்பரில் நம் பிரதமர் ஸ்ரீமாவோ அம்மையார் அணிசேரா நாடுகளைக் கொழும்பில் கூட்டினார், பீக்கிங்குக்கும் டெல்லிக்கும் தாமே போய்ப் பேசினார். எல்லைத் தகராறு தீரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு வாசலிலும் அவரை வரவேற்றார்கள். யாருக்கும் கைப்பிள்ளையாக இல்லாததால் கிடைத்த மரியாதை அது.

அதே அம்மையார் 1964 ஒக்டோபரில் டெல்லியில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு, நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளிச் சனம் எந்த நாட்டுக்கு என்று கையெழுத்திட்டார். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் அவர்களையும் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். நம் தாத்தா பாட்டிகளைத்தான் சொல்கிறேன்! ஒரே லயக் குடியிருப்பில் அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம். இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போகும் கோச்சியில் ஏறியவர்களின் கையை ஜன்னல் வழியே பிடித்துக்கொண்டு, கோச்சி நகர்ந்த பிறகும் விடாமல் ஓடிய பெண்களின் கதை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. இரண்டு அரசாங்கங்களும் நெருங்கி வந்தபோது நம்மை ஒரு வார்த்தை கேட்டவர் யார்? பலமான நண்பன் பார்த்துக்கொள்வான் என்பதை எங்களிடம் சொல்லாதீர்கள். எங்கள் அணிக்கும் இதில் கண்டிப்பு உண்டு: நாலு பேரோடு உறவு வைக்கிற அரசு, அந்த உறவுக்கு விலையாகச் சொந்தச் சனத்தைக் கொடுக்கக் கூடாது.

அம்பாந்தோட்டையைக் காட்டிப் பயமுறுத்தினீர்கள். 2017இல் சீனக் கம்பனிக்கு 99 வருடக் குத்தகைக்குப் போன துறைமுகம். அதைக் கட்டிய கடன் எத்தனை நாட்டிலிருந்து வந்தது? சீனாவின் வங்கியிடம் வாங்கியது. ஒரே கையை நம்பியதற்கான உதாரணத்தை எங்களுக்கு எதிராக ஏன் நீட்டுகிறீர்கள்?

இன்னும் கிட்ட வாருங்கள், நம் தேயிலைக்கே வாருங்கள். 2017 டிசம்பரில் ரஷ்யாவுக்குப் போன ஒரு தேயிலைச் சரக்கில் வண்டு இருந்தது என்று சொல்லி, அந்த நாடு இலங்கைத் தேயிலை முழுவதற்கும் தடை போட்டது. ஒரு வண்டு! அப்போது இலங்கை அஸ்பெஸ்டோஸ் இறக்குமதியை நிறுத்தவிருந்தது. அஸ்பெஸ்டோஸ் விற்கிற பெரிய நாடு ரஷ்யா. இலங்கை அந்த முடிவைத் தள்ளிவைத்தது, சில நாளில் தேயிலைத் தடையும் நீங்கியது. பெரிய வாடிக்கையாளன் முகம் சுளித்தாலே இந்தப் பாடு. அவன் ஒருவன்தான் வாடிக்கையாளன் என்றால், காலையில் பேர் போட்டு மலைக்குப் போகிற அக்காவின் கூடைக்கு யார் பொறுப்பு?

ஈரானிடம் எண்ணெய் வாங்கிய கடன் சுமார் 25 கோடி டொலர். அமெரிக்கத் தடையால் வங்கி வழியே கட்ட முடியவில்லை. தேயிலையாகவே கட்டுவதென்று 2021 டிசம்பரில் உடன்பாடு வந்தது. நம் ஆடைகளை அதிகம் வாங்கும் அமெரிக்காவையும் பகைக்கவில்லை, ஈரானின் கடனையும் மறுக்கவில்லை. இதைத்தான் எங்கள் அணி உறவு என்கிறது.

அந்த ஈரானும் ஐக்கிய அரபு இராச்சியமும் 1971 முதல் பாரசீக வளைகுடாவின் அபு மூசா, தும்பு தீவுகளுக்கு உரிமை கோரிச் சச்சரவிடுகின்றன. இரண்டு நாடும் நம் தேயிலையை வாங்குகின்றன. எனக்குப் பிறகு மேடைக்கு வரும் எதிரணித் தோழர் ஒன்றே ஒன்று சொல்லட்டும்: அந்தத் தீவுகள் யாருடையவை என்று முடிவுகட்டி, இந்த இரண்டு நாட்டில் எதற்குத் தேயிலை விற்பதை நாளைக்கே நிறுத்தப் போகிறீர்கள்? நிறுத்திய நாளில் எந்தத் தோட்டத்தில் வேலை நாளைக் குறைப்பீர்கள்? தோட்டத்தின் பெயரோடு சொல்லுங்கள், அந்தத் தோட்டத்துச் சனமும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. நன்றி, வணக்கம்.