காதுதான் இவங்களுக்கு முதல் வாத்தியம்

எல்லாருக்கும் வணக்கம். ஃபிஷ்னு ஒரு அமெரிக்க பேண்ட் பத்திதாங்க இன்னைக்கு பேசப்போறேன். ரேடியோவுல பெரிய ஹிட்டுன்னு சொல்ல இவங்ககிட்ட ஒண்ணும் இல்ல, ஆனா 2017ல நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ங்கற பெரிய அரங்கத்துல 13 நைட் வாசிச்சாங்க, ஒரு பாட்டு கூட ரெண்டாவது தடவ வரல!

1983ல வெர்மான்ட் யுனிவர்சிட்டியில ஆரம்பிச்சது. ட்ரே அனஸ்டாசியோ கிட்டார், மைக் கார்டன் பேஸ், ஜான் ஃபிஷ்மன் டிரம்ஸ், 1985ல பேஜ் மெக்கானல் கீபோர்டுக்கு வந்து சேர்ந்தார். ராக் வாசிச்சிட்டே இருப்பாங்க, அப்படியே ஜாஸ்க்குள்ள போவாங்க, அங்கேருந்து ஃபங்க், திடீர்னு ப்ளூகிராஸ், சில நாள் வாத்தியத்தையெல்லாம் கீழ வெச்சுட்டு நாலு பேரும் சேர்ந்து வெறும் குரல்லயே பாடுவாங்க.

இப்படி மேடையிலேயே பாட்ட அப்பப்ப கற்பனையா வளர்த்துட்டுப் போறதுக்கு ஜாம்னு பேரு. ஜாம்னா அவனவன் இஷ்டத்துக்கு வாசிக்கறதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. இல்லவே இல்லங்க. இவங்க மனோதர்மத்துக்கே தனியா பிராக்டிஸ் பண்ணினவங்க. எப்படின்னா, ஒருத்தர் ஒரு சின்ன பேட்டர்ன் ஆரம்பிப்பார், மத்தவங்க அதுக்குப் பொருந்தற மாதிரி ஆளுக்கொண்ணு தேடுவாங்க. மத்த மூணு பேரும் தேடி முடிச்சு ஒரு இடத்துல நின்னுட்டாங்கன்னு காதுல தெரிஞ்சாத்தான் "ஹே"ன்னு சொல்லணும். நாலு பேரும் சொன்னப்புறம்தான் அடுத்தவர் மாத்தலாம். அதாவது நான் என்ன வாசிக்கறேன்ங்கறத விட நீ என்ன வாசிக்கறேன்னு கேக்கறதுதான் அங்க வேலையே. இந்தப் பயிற்சி இல்லாம, 1999 டிசம்பர் 31 ராத்திரி ஃப்ளோரிடா பிக் சைப்ரஸ்ல நடுராத்திரி தொடங்கி சூரியன் வர்ற வரைக்கும் ஏழு மணி நேரத்துக்கு மேல வாசிச்சாங்களே, அது நடந்திருக்குமா சொல்லுங்க?

அப்புறம் சரிவும் வந்துச்சு. 2004 ஆகஸ்ட், வெர்மான்ட்ல கவன்ட்ரிங்கற ஊர்ல கடைசி கச்சேரின்னு அறிவிச்சாங்க, ஒரே மழை, சேறு, கார உள்ள விட முடியல, ஜனங்க ரோட்டோரமே நிறுத்திட்டு மைல் கணக்கா நடந்து வந்தாங்க. வாசிப்பு அன்னைக்கு நல்லா இல்ல, அதச் சொல்லத்தான் வேணும். ட்ரே போதையில சிக்கி, கைதாகி, சிகிச்சை எடுத்து மீண்டு வந்தார். 2009 மார்ச்ல வர்ஜீனியா ஹாம்ப்டன்ல திரும்ப மேடை ஏறினாங்க. 2024ல லாஸ் வேகாஸ்ல ஸ்ஃபியர்ங்கற அரங்கத்துல நாலு நைட், அப்பவும் எந்தப் பாட்டும் ரிப்பீட் இல்ல.

ரசிகர்கள் ரெக்கார்ட் பண்ணிப் பகிர்ந்துக்க இவங்க ஆரம்பத்துலேர்ந்தே விட்டதால பழைய கச்சேரி எக்கச்சக்கமா கிடைக்குது. 1997 டூர்லேர்ந்து ஆரம்பிங்க, முதல் தடவ கிட்டார விட்டுட்டு பேஸ மட்டும் பின்தொடர்ந்து பாருங்க.