முதல் பத்து நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம்.

‘நாளையிலிருந்து நடக்கப் போகிறேன்’ என்று சொல்பவர் யாரும் பொய் சொல்வதில்லை. சாப்பிட்டு முடித்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும்போது நாளைக் காலை ஐந்தரை மணி எல்லாருக்கும் எளிதாகத்தான் தெரியும்.

அமெரிக்காவில் டெல்லாவிக்னா, மால்மென்டியர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் மூன்று ஜிம்களின் வருகைப் பதிவுகளை எடுத்துப் பார்த்து, 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள், மாதத்தில் நான்கு தடவை சொச்சம்தான் போயிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 17 டாலர் ஆகிறது. பத்து தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலரோடு போயிருக்கும். போவதை அடியோடு விட்ட பிறகும், சந்தாவை நிறுத்த சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். எப்படியும் போய்விடுவோம் என்ற நம்பிக்கை அத்தனை நாள் விடவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, இது ஒரு தப்புக் கணக்கு. இன்னொன்று இதற்கு நேர் எதிர். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சி எவ்வளவு பிடிக்கும் என்று முன்கூட்டியே கேட்டார்கள். முடித்த பிறகும் கேட்டார்கள். நினைத்ததைவிட அதிகமாகவே பிடித்திருந்தது. காரணம், பயிற்சி என்றதும் மனம் அதன் தொடக்கத்தையே பிடித்துக்கொள்கிறது. தொடக்கம்தானே சிரமம்?

நான் பல வருடங்களாக நடக்கிறேன். இன்றைக்கும் குனிந்து ஷூ லேஸ் கட்டும்போது ‘இன்று வேண்டாமே’ என்றுதான் தோன்றுகிறது. முதல் சுற்றில் கெண்டைக்கால் இறுகும், மூச்சு ஒழுங்காக வராது. மூன்றாவது சுற்றில் பிடரியில் வியர்வை துளிர்க்கும், கை தானாக வீசும். அப்புறம் நிறுத்தவே மனம் வராது. ஆனால் மறுநாள் காலை மூன்றாவது சுற்று நினைவுக்கு வருவதில்லை, முதல் சுற்றுதான் வருகிறது.

சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொல்லி, நாலு நாளில் விட்டவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். தயவுசெய்து உங்களைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்ளாதீர்கள். நடந்து வந்ததும், வியர்வை காய்வதற்குள், தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அதை ஷூவுக்குள் வைத்துவிடுங்கள். காலையில் காலை நுழைக்கும்முன் அதை எடுத்துத்தானே ஆக வேண்டும்.