புகைவீட்டுச் சுவருல நேரா பெயிண்ட் அடிக்காதீங்க!

வணக்கம் மக்களே! மலேசியா, சுங்கை சிப்புட்டுல இருந்து பேசறேன். இன்னிக்குத் தரை வேலைய பத்தித்தான் சொல்றதா இருந்துச்சு. அதுக்குள்ள நேத்து ராத்திரி ஒரு போட்டோ வந்துச்சு, பாத்ததுல இருந்து மனசே ஆறல.

தோட்டத்துல ரப்பர் ஷீட் காயப்போட்ட பழைய புகைவீட்ட, பிள்ளைங்களுக்குத் தமிழ் வகுப்பு, உருமி மேளம், பரதம் சொல்லித்தர இடமா மாத்திக்கிட்டிருக்காங்க. எவ்வளவு நல்ல காரியம்! ஆனா சுவர் பூரா நேரா வெள்ளை எமல்ஷன், அதான் தண்ணி பெயிண்ட், அடிச்சு, அதுமேல மயில் வரைஞ்சிட்டாங்க. மூணே வாரம். மயில் கழுத்துல இருந்து டீ ஊத்துன மாதிரி பழுப்பா இறங்குது. கடையில "இன்னொரு கோட்டு போடுங்க"ன்னு சொன்னாங்களாம். போடாதீங்க! பத்து கோட்டு போட்டாலும் அது வெளிய வரும்.

நான் இப்ப நிக்கிறது யாரும் இன்னும் கை வைக்காத ஒரு புகைவீடு. என் சுரண்டிய ஒங்களுக்குத் தெரியும்ல, இதோ, கேமராவ கிட்ட கொண்டு வரேன். பாருங்க, வெல்லப்பாகு காஞ்ச மாதிரி மினுங்குது. நகத்தால கீறுனா பிசுபிசுங்குது. நாள்கணக்கா, 60 டிகிரி வரைக்கும் சூட்டுல ஷீட்ட தொங்கவிட்டு விறகுப் புகை போட்ட இடம். அந்தத் தார் செங்கல்லுக்குள்ளயே ஊறிருச்சு. தண்ணி பெயிண்ட் பட்டா அதுல இருக்கிற சாயம் கரையும், பெயிண்ட் காயக் காய மேல ஏறி வரும். அவ்வளவுதான் சங்கதி.

அப்ப என்ன செய்யணும்? முதல்ல காஞ்ச சுவர காஞ்சபடியே சுரண்டுங்க, பிரஷ் போடுங்க. எடுத்த உடனே தண்ணி ஊத்துனா கரி அப்பிக்கும். என்95 மாஸ்க், கையுறை கண்டிப்பா வேணும், அந்தத் தார் தோலுக்கு ஆகாது. பிள்ளைங்கள இந்த வேலைக்குக் கூப்பிடவே கூடாது. அப்புறம் 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில ஒரு கப் சலவை சோடா. கீழ இருந்து மேல தேயுங்க, மேல இருந்து கீழ அலசுங்க. மாத்திச் செஞ்சா அழுக்குத் தண்ணி வழிஞ்ச கோடு நிக்கும், அது போகாது.

நல்லா காயவிடுங்க. ஒன்றரை அடி சதுரத்துல பிளாஸ்டிக் தாள நாலு பக்கமும் டேப் போட்டு சுவருல ஒட்டி, 16 மணி நேரம் கழிச்சுப் பாருங்க. உள்பக்கம் வேர்த்திருந்தா சுவருல இன்னும் ஈரம் இருக்கு, பெயிண்டுக்கு அடியில போடற பிரைமர் உரிஞ்சு வரும். காஞ்ச பிறகு ஷெல்லாக் பிரைமர், அதாவது அரக்குல செஞ்சது, ரெண்டு கோட்டு. விலை ஜாஸ்திதான், ஆனா மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்ல. அதுல இருக்கிறது ஸ்பிரிட், தீ பிடிக்கும். கதவெல்லாம் திறந்து வைங்க, சிகரெட் வேணாம்.

ஆங், கூரைய சொல்லாம விட்டுட்டேன்! சுவர தொடறதுக்கு முன்னாடியே பாக்க வேண்டியது அது. பழைய நெளிஷீட்டுன்னா அஸ்பெஸ்டாஸா இருக்கலாம். ஃபேன் மாட்டறேன்னு துளை போடாதீங்க, அறுக்காதீங்க, உடைக்காதீங்க. கெட்டியா இருக்கிற ஷீட்டு வேற, உடைஞ்சா பறக்கிற நார்த் தூசி வேற. அது நெஞ்சுக்குள்ள போனா போனதுதான். கழட்டணும்னா தெரிஞ்ச ஆளத்தான் வைக்கணும்.

ஜன்னலும் அப்படித்தான், அவசரப்படக் கூடாது. புகை வெளிய போகாம இருக்கக் கட்டுன சுவர், ஜன்னலே இருக்காது. முட்டு குடுத்து, மேல லிண்டல, அதான் ஜன்னலுக்கு மேல சுவரத் தாங்குற உத்தரத்த, ஏத்தி, அது இறுகுன பிறகுதான் கீழ உடைக்கணும். லிண்டல் ரெண்டு பக்கமும் ஆறங்குலமாவது சுவர் மேல உக்காரணும். வெளிய திறக்கிற கதவு ரெண்டு, எதிரெதிர்ப் பக்கத்துல.

தரைக்கு வரேன். வெறும் சிமெண்டுல பரதத்துக்குக் கால் தட்டுற தட்டடவு போடவிடாதீங்க, முட்டி போயிரும். அடியில ரப்பர் பேட், அதுமேல 16 அங்குலத்துக்கு ஒரு சட்டம், அதுக்கு மேல 18 மில்லிமீட்டர் பிளைவுட். சட்டத்துக்கெல்லாம் கரையான் மருந்து அடிச்சிருக்கணும்.

இன்னொன்னு, புகைவீட்டு ஸ்டோருலயே களைக்கொல்லி மருந்து வச்ச அறை இருந்தா அத வகுப்பாக்காதீங்க. அந்தக் காலத்துல லாலாங் புல்லுக்கு, ஆர்சனிக் விஷம் கலந்த சோடியம் ஆர்சனைட் அடிச்சாங்க. ஆர்சனிக் மண்ணுல அப்படியே கிடக்கும். அந்த அறையப் பூட்டி வைங்க, மண்ண சோதனைக்குக் குடுங்க.

போட்டோ அனுப்புனவங்களுக்கு: மயில சுரண்டிருங்க, வேற வழியில்ல. கழுவி, காயவச்சு, ஓரமா ஒரு அடி சதுரத்துக்கு மட்டும் ஷெல்லாக் போட்டு, மேல எமல்ஷன் அடிச்சு மூணு வாரம் விடுங்க. வெள்ளையாவே இருந்துச்சுன்னா முழுச் சுவரையும் அதே மாதிரி அடிச்சிட்டு மயில திரும்ப வரையுங்க.